எருக்குக்கு ஒரு சொந்தக்காரி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்குள் வளர்க்கிற பூங்கொடி பற்றிப் பேசச் சொன்னார்கள். மல்லியும் சங்குப்பூவும் நல்ல வெயில் கேட்கும், மொட்டைமாடிதான் அவற்றுக்குச் சரி. கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது ஹோயா.

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கோத்திருப்பீர்கள். அந்தப் பூவின் நடுவில் ஒரு கிரீடம் நிற்குமே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோயா எருக்கின் குடும்பம். கிள்ளினால் பால் வடியும். பூவிலும் அதே சாயல் தெரியும்: ஐந்து முனை நட்சத்திரம், அதன் மேல் பளபளவென்று இன்னொரு குட்டி நட்சத்திரம். ஒரு பூ அரை அங்குலம்தான், ஆனால் இருபது முப்பது சேர்ந்து ஒரே உருண்டையாகத் தொங்கும். மெழுகில் செய்து ஒட்டிவைத்தது போல இருப்பதால், நிஜப் பூவா என்று வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். இருட்டிய பிறகுதான் வாசனை தூக்கும்.

1810-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். லண்டன் பக்கம் சையன் ஹவுஸ் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஹாயின் பெயர். மாளிகைக்காரரின் பெயரை விட்டுவிட்டுத் தோட்டக்காரரின் பெயரை வைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். நாம் அதிகம் வளர்க்கும் ஹோயா கார்னோசா சீனா, தைவான், ஜப்பான் பக்கத்துக் கொடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோயாக்கள் உண்டு. அதில் ஒன்று ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கோவையில் பருத்திச் சோதனைகளைக் கவனித்தவர், ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்களைக் கொண்டு செடிகளை வரையவைத்தவர் அவர்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். காட்டில் இது மரத்தின் மேல் தொற்றி வாழும், வேருக்குக் காற்று வேண்டும். வெறும் செம்மண்ணில் வைத்தால் அழுகிவிடும். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, கொஞ்சம் மண்புழு உரம் போதும். தொட்டி சிறியதாக இருக்கட்டும், வேர் நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும். தண்ணீர் எப்போது? ஓர் இலையை மெல்ல மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், துவண்டு மடங்கினால் ஊற்றுங்கள். வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து துடைக்கலாம். காதலர் தினத்துக்கு இதய வடிவ இலை ஒன்றை மட்டும் தொட்டியில் நட்டு விற்பார்கள். அதுவும் ஹோயாதான். கணு இல்லாத இலை என்றால் வேர் விட்டு வருஷக்கணக்கில் இலையாகவே நிற்கும், கொடியாகாது.

இப்போது என் அசட்டுத்தனம். மூன்று வருஷம் காத்திருந்து முதல் கொத்து பூத்தது. பூ உதிர்ந்ததும், ரோஜாவுக்குச் செய்கிற பழக்கத்தில், காய்ந்த காம்பைக் கத்திரிக்கோலால் நறுக்கிவிட்டேன். அடுத்த வருஷம் வெறும் இலை. அப்புறம்தான் தெரிந்தது, ஹோயா அதே காம்பின் நுனியிலிருந்துதான் திரும்பத் திரும்பப் பூக்கும். நான் வெட்டியது குப்பையை இல்லை, அடுத்த வருஷத்து மொட்டை. இலையே இல்லாமல் சாட்டை மாதிரி நீளுகிற கொடியையும் வெட்டாதீர்கள், இலை பின்னால் வரும். மொட்டு விட்ட நேரத்தில் தொட்டியை இடம் மாற்றவும் வேண்டாம், மொட்டு உதிர்ந்துபோகும்.

இன்னொன்று, சோபாவுக்கு மேலே தொங்கவிடாதீர்கள். பூவிலிருந்து தேன் சொட்டும். என் வீட்டுத் தரையில் காலையில் பிசுபிசுப்பு, அதைத் தேடி எறும்பு வரிசை. பூக்கும் ஒவ்வொரு முறையும் காம்பு கொஞ்சம் நீண்டு, உதிர்ந்த பூக்களின் தழும்பைச் சுமந்துகொண்டு நிற்கும். என் ஜன்னலில் உள்ள ஒரு காம்பு அரை விரல் நீளம் ஆகிவிட்டது. பார்க்க அசிங்கமான சுள்ளிதான். நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு மறுபடி மொட்டுகள் வந்திருக்கின்றன. ஜன்னல் துடைக்க வருகிறவரிடம் அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.