திருமணமான மாணவர் பெற்றோரின் வருமானத்தைக் காட்ட வேண்டுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் சேரவிருக்கும் 22 வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குத் திருமணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. மூவரும் என் பெற்றோர் வீட்டில்தான் வசிக்கிறோம். ஃபாஃப்சா படிவத்தில் (கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவிக்கான விண்ணப்பம்) அப்பாவின் வருமானத்தைக் காட்ட வேண்டுமா?" கணவருக்குச் சென்ற ஆண்டு வேலை போய்விட்டதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார், என் மனத்தில் தைத்தது அந்த வரிதான்.

முதலில் கேட்டதற்குப் பதில்: வேண்டியதில்லை. 24 வயது நிரம்பாவிட்டாலும், படிவத்தில் கையெழுத்திடும் நாளில் திருமணமாகியிருந்தால் அவர் பெற்றோரைச் சாராத மாணவர்தான். யார் வீட்டில் வசிக்கிறார் என்பது அதை மாற்றாது. பெற்றோரின் செலவில் பாதிக்கு மேல் இவர்கள் தாங்கினால் ஒழிய, அவர்களைக் குடும்ப எண்ணிக்கையிலும் சேர்க்கக் கூடாது. இவருடைய வருமானமும் கணவரின் வருமானமும் மட்டும் கணக்கில் வரும். இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் வரி விவரங்களை எடுத்துக்கொள்ளப் பெரும்பாலும் இவருடைய ஒப்புதலே போதும். தனித்தனியாகச் செய்திருந்தால் கணவரும் ஃபாஃப்சா இணையதளத்தில் கணக்குத் தொடங்கி ஒப்புதல் தர வேண்டும், தராவிட்டால் கூட்டாட்சி உதவி எதுவும் கிடைக்காது. இவர் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் என்று கொள்கிறேன். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாக்காரர்களின் குடும்பத்தினருக்கானது) இருப்போருக்கு இந்த உதவி இல்லை. ஆனால் கணவர் எந்த விசாவில் இருந்தாலும் மனைவியின் தகுதி அதனால் குறையாது.

இப்போது அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன்: கணவரின் வேலை போனதைக் கல்லூரிக்கு எப்படித் தெரிவிப்பது? ஃபாஃப்சா பார்ப்பது இன்றைய குடும்பத்தை அல்ல. 2026-27 கல்வியாண்டுக்கான படிவம் 2024ஆம் ஆண்டின் வரிக்கணக்கை எடுத்துக்கொள்கிறது; அந்த ஆண்டில் கணவர் முழுச் சம்பளம் வாங்கியிருப்பார். கணவனும் மனைவியுமாகக் குழந்தை வளர்க்கும் மாணவரின் குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 175 சதவீதத்துக்குள் இருந்தால் முழு பெல் கிராண்ட் (திருப்பிச் செலுத்த வேண்டாத கூட்டாட்சி உதவித்தொகை) கிடைக்கக்கூடும். தனியாக வளர்ப்பவருக்கு அந்த வரம்பு 225 சதவீதம். பழைய சம்பளமே இவரை அந்த வரம்புக்கு வெளியே தள்ளிவிடலாம். அதற்காகப் படிவத்தில் எண்ணைத் திருத்தக் கூடாது. உள்ளதை உள்ளபடியே தாக்கல் செய்துவிட்டு, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு, சூழ்நிலை மாறியிருப்பதால் மறுபரிசீலனை செய்யுமாறு தனியே எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், மனைவியின் பணிநீக்கக் கடிதத்தையும் வேலையிழந்தோர் உதவித்தொகை பெறும் சான்றையும் இணைத்துக் கொடுத்த பிறகே, முதலில் மறுக்கப்பட்ட கிராண்ட் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன் அவர் அந்த அலுவலகத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை!

மறுபரிசீலனை கேட்டுக் கல்லூரிக்கு எழுதும் அதே கடிதத்தில் குழந்தைக் காப்பகச் செலவையும் எழுதுங்கள். வகுப்பு, படிப்பு, பயண நேரங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவை, கல்லூரி கணக்கிடும் மொத்தப் படிப்புச் செலவில் சேர்க்க விதி இடமளிக்கிறது. கேட்காதவருக்கு அது பெரும்பாலும் சேர்வதில்லை. சேர்த்தால் பெல் தொகை உயராது. ஆனால் பிற உதவிகளும் கடனும் பெறுவதற்கான உச்சவரம்பு உயரும்.

மறுபரிசீலனையில் கல்லூரி எடுக்கும் முடிவை எதிர்த்து அமெரிக்கக் கல்வித் துறையிடம் மேல்முறையீடு செய்ய முடியாது. ஆகவே சான்றுகள் அனைத்தையும் முதல் முறையே இணைத்துவிடுங்கள்.