தார் போட்ட பிறகு கிராமச் சாலை

[காட்சி: மழை ஓய்ந்த கிராமச் சாலை. நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.]

இந்தச் சாலை இப்படிக் கெட்டதற்குப் பாரம் ஏற்றிய லாரிகளையே நாம் முதலில் குறை சொல்வோம். ஆனால் சாலையோர மண் மேடிட்டு, மழைநீர் பக்கவாட்டில் வடிய வழியின்றித் தாரின் மேலேயே நின்றுவிட்டால், அது விரிசல்கள் வழியே ஜல்லிப் படுகைக்குள் இறங்கி அடிமண்ணை இளக்கிவிடுகிறது. அதன் பிறகு ஒரு டிராக்டர் ஏறி இறங்கினாலே குழி விழத் தொடங்கும்.

[காட்சி: இந்திய வரைபடம்.]

இந்தியாவில் பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும் குடியிருப்புகளை, மழைக்காலத்திலும் செல்லத்தக்க சாலையால் இணைப்பதே அதன் முதல் நோக்கம். எந்த ஊருக்கு முதலில் சாலை என்பதை உள்ளூர்ச் செல்வாக்கு தீர்மானித்துவிடாதபடி, தேவையான சாலைகளின் வலைப்பின்னலை மாவட்டந்தோறும் முன்கூட்டியே வரைந்துவைக்கச் சொன்னது, என் பார்வையில், இத்திட்டத்தின் மிக நல்ல விதி.

[காட்சி: சாலையோரப் பெயர்ப்பலகை.]

சாலையைப் போடும் ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டுகள் அதைப் பராமரிக்கவும் வேண்டும். கட்டுமானச் செலவை முதலில் மத்திய அரசே முழுவதும் ஏற்றது. பின்னர் பெரும்பாலான மாநிலங்களில் அது மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40 விழுக்காடு என்று பகிரப்பட்டது. பராமரிப்புச் செலவோ மாநிலத்தின் பொறுப்பு. இடறும் இடம் அதுதான். புதுச் சாலைக்குப் பூமி பூஜை உண்டு; வடிகாலைத் தூர்வாரும்போது யாரும் தேங்காய் உடைப்பதில்லை.

[காட்சி: கைப்பேசியில் சாலையைப் படமெடுக்கும் பொறியாளர்.]

செய்த வேலையை அளந்து பணம் தரும் பழைய முறையில், குழி விழுந்த பின் அதை அடைத்தால்தான் பில் போட முடியும். குழி விழாமல் பார்த்துக்கொண்டவருக்கு அதில் கூலி இல்லை. மத்தியப் பிரதேசத்தில் முதலில் நடைமுறைக்கு வந்து பிற மாநிலங்களுக்கும் பரவிய 'இ-மார்க்' என்ற இணையவழி முறை இதைத் திருப்பிப்போட்டது. பொறியாளர் சாலையை நேரில் பார்த்து, இடக்குறிப்புடன் படங்களைப் பதிவேற்றி, வடிகால், சாலையோரம், தார்ப்பரப்பு எந்த நிலையில் உள்ளன என்று மதிப்பிடுகிறார். அந்த நிலையை ஒட்டியே ஒப்பந்ததாரருக்குத் தொகை அனுமதிக்கப்படுகிறது. ஆகவே மழைக்கு முன் வடிகாலைச் சுத்தம் செய்வது அவருக்கே ஆதாயமாகிறது.

[காட்சி: மண்வெட்டியுடன் பெண்கள்.]

உத்தராகண்ட், இமாசலப் பிரதேசம், மேகாலயா ஆகிய மாநிலங்களில் இவ்வகைப் பராமரிப்பு மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமும் ஒப்படைத்துப் பார்க்கப்பட்டது. சாலையோரத்தைச் சீவவும், புதர் வெட்டவும், சிறுபாலத்தின் அடைப்பை நீக்கவும் பெரிய இயந்திரம் தேவையில்லை. மழை கொட்டும் நாளில் அருகிலேயே ஆள் இருந்தால் போதும். நகரத்திலிருந்து வரவேண்டிய ஒப்பந்ததாரரால் அது எளிதில் ஆகாது.

ஐந்து ஆண்டு முடிந்ததும் ஒப்பந்ததாரரின் கடமை தீர்ந்துவிடுகிறது. அந்த நாளுக்கு முன்பே, அடுத்துப் பராமரிக்கப்போவது யார், அதற்கான தொகை எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை மாநிலம் எழுதிவைத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அடுத்த மழைக்குள் அந்த வடிகால் மீண்டும் மண்மேடாகிவிடும்.