அவசரத்துக்கு முளைக்காது விதை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "நெருக்கடி வந்தால் வீட்டைக் காப்பாற்றுவது அடுக்கி வைத்த உணவு இருப்பா, வீட்டுத் தோட்டமா?" என்பது இன்றைய தலைப்பு. நான் தோட்டத்துக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கணக்குப் போட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 கலோரி வேண்டும், 100 கிராம் தக்காளியில் இருப்பது 18 கலோரி, அப்படியானால் தினமும் 11 கிலோ தக்காளி தின்ன வேண்டும், உங்கள் தொட்டியில் அவ்வளவு காய்க்குமா என்று கேட்டார். கணக்கு சரிதான் ஐயா. ஆனால் பசிக்குத் தக்காளியை நட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்போம் என்று உங்களிடம் யார் சொன்னது?

பசி அடங்க வேண்டுமென்றால் கிழங்கு நடுவோம். சர்க்கரைவள்ளியில் அதே 100 கிராமுக்கு 86 கலோரி. விதைகூடத் தேவையில்லை, கொடியில் ஒரு சாண் நீளம் வெட்டி மண்ணில் செருகினால் வேர் பிடித்துவிடும். கிழங்கு திரள மூன்று நான்கு மாதம் ஆகும், அதுவரை பட்டினியா என்பீர்கள். இல்லை, அதன் இளங்கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகச் சமைத்துக்கொண்டே இருக்கலாம். (இதைக் கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு இலையையும் பறித்துச் சமைத்துவிடாதீர்கள், அது நஞ்சு. நாளைக்கு யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் நடுவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.)

சரி, நாலு தொட்டியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று நான் சொன்னால் அது பொய். தானியமும் பருப்பும் எண்ணெயும் இருப்பில் இருக்கட்டும், எங்களுக்கு அதில் சண்டை இல்லை. "அது மட்டும் போதும்" என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் சண்டை.

இருப்பை மட்டும் நம்பிப் போனவர்களின் கதையைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகள் பீப்பாய் பீப்பாயாக உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினார்கள். எதிரணியின் கனவு வீடு அப்படியே கப்பலாகப் போன மாதிரி! ஆனால் போகப் போக ஈறு வீங்கி, பல் ஆடி, என்றைக்கோ ஆறிப்போன காயம்கூடத் திரும்பப் பிளந்து, சாப்பாடு மிச்சமிருக்கும்போதே ஆட்கள் செத்தார்கள். வைட்டமின் சி இல்லாமல் போவதால் வரும் ஸ்கர்வி நோய்தான் அது. 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், நோயில் விழுந்த 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். வைட்டமின் சி உடம்பில் நெடுநாள் தங்காது, வரத்து நின்றுபோனால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் வேலையைக் காட்டிவிடும். காய்ந்த தானியத்தில் அது கிடையாது. தொட்டியில் கிள்ளுகிற பச்சைக் கீரையில் இருக்கிறது.

அப்புறம் எதிரணியில் பேசிய அம்மையார், "தோட்டம் எங்கே ஓடிப்போகிறது, ஆபத்து வரும்போது போட்டுக்கொள்ளலாம்" என்றார். இரண்டாம் உலகப்போரில், 1941 செப்டம்பரில், ரஷ்யாவின் லெனின்கிராட் நகரத்தை ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டன. முதல் குளிர்காலத்திலேயே பட்டினியில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். மிஞ்சியவர்கள் 1942 வசந்தத்தில், பெரிய தேவாலயத்துக்கு முன்னால் இருந்த சதுக்கத்தைக்கூடக் கொத்தி முட்டைக்கோஸ் நட்டார்கள். நட்டது சரி, ஆனால் அந்தக் குளிர்காலம் முடிந்து போயிருந்ததே அம்மா! அவ்வளவு தூரம் போவானேன், 2020ல் கொரோனா வந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோட்ட ஆசை வந்து, அமெரிக்காவில் சில விதை நிறுவனங்கள் ஆர்டர் எடுப்பதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன. அந்த வாரம் பழைய டப்பாவில் நாட்டு விதை எடுத்து வைத்திருந்தவர்தான் சிரித்தார். அதிலும் வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்திலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும், தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும். இது தெரியாமல் வெறுமனே பாக்கெட்டை வாங்கி அடுக்கி வைத்தால் அதுவும் ஒரு செத்த இருப்புதான்.

விதை இருந்தாலும் கை பழக வேண்டும். என் கதையையே சொல்கிறேன். முதல் வருடம் ஆசை ஆசையாக ஒரு பாக்கெட் முள்ளங்கி விதையை ஒரே நாளில் தூவினேன். கிட்டத்தட்ட முப்பதாம் நாள் அத்தனையும் ஒன்றாகத் திரண்டுவிட்டது. ஒரு வாரம் வீட்டில் காலையும் முள்ளங்கி, மாலையும் முள்ளங்கி, என்னைக் கண்டாலே பிள்ளைகள் ஓடினார்கள். தின்று தீராதது வெடித்து, உள்ளே பஞ்சாகிப்போனது. அதற்கடுத்த மூன்று வாரம் பாத்தியில் ஒன்றுமே இல்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை ஒரு பிடி விதை என்று பிரித்துப் போட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னொரு தொட்டியில் வடிகால் துளை போட மறந்ததில் மிளகாய் வேர் அழுகிச் செத்தது. கொழுந்தின் அடியில் அசுவினிப் பூச்சி ஒட்டியிருப்பதை இலை சுருண்ட பிறகுதான் கவனித்தேன். இவ்வளவு முட்டாள்தனத்தையும், அடுத்த தெருவில் கடை திறந்திருக்கும்போதே செய்து முடித்துவிட்டேன் நடுவர் அவர்களே! கடை மூடிய பிறகு இதே தப்பைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீடியோ பார்த்து வைத்திருக்கிறோம், தேவைப்படும்போது செய்துகொள்வோம் என்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது ஐயா.

"தோட்டம் ஒரு பொழுதுபோக்கு" என்றும் சொன்னார்கள். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. 1943 வாக்கில் அந்த நாட்டில் விளைந்த காய்கறியில் சுமார் 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். இந்த மாதிரி பொழுது போகட்டுமே!

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்றார்கள், உங்கள் அலமாரி குன்றைவிடப் பெரிதா?

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். எதிரணித் தலைவர் தன் இருப்பில் பத்து கிலோ பச்சைப்பயறு வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். அதில் ஒரு பிடியை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள் ஐயா, மூன்றாம் நாள் முளை எட்டிப் பார்க்கும், காய்ந்திருந்தபோது பேருக்கு மட்டும் இருந்த வைட்டமின் சி அதில் பெருகியிருக்கும். அந்தப் பயறு டப்பாவை விட்டு எழுந்து எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டதாக நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வணக்கம்.