எட்டுப் பாடவேளைகளும் ஒரு கோடும்

(மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் பள்ளி இலக்கிய மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, மன்றப் பொறுப்பாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, உடன் பயிலும் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வகுப்பறையில் நாம் பாடங்களை எப்படிக் கற்கிறோம் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நம் பள்ளியில் நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளைகள். மணி அடித்ததும் ஆசிரியர் மாறுகிறார், கரும்பலகை துடைக்கப்படுகிறது, மேசைமேல் வேறொரு புத்தகம் வருகிறது. இடம் மாறாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நாம் மட்டுமே. இயற்பியல் வகுப்பில் இன்று என்ன நடந்தது என்று கணக்காசிரியர் பார்ப்பதில்லை. தமிழாசிரியர் சொன்ன பொருள்கோள் வேதியியல் ஆசிரியர் காதுக்குப் போவதில்லை. ஆக, ஒரு நாளின் எல்லாப் பாடங்களையும் முழுதாகக் கேட்பவர்கள் இந்தக் கட்டடத்தில் மாணவர்களாகிய நாம்தாம். ஒன்றில் கேட்டதை மற்றொன்றோடு பொருத்திப் பார்க்கும் வேலையும் அதனால் நம்முடையதாகிறது. அந்த வேலையை நாம் செய்வதில்லை என்பது என் குறை. செய்தால் என்ன கிடைக்கும் என்பதை, நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

பறங்கிமலையை நாம் எல்லோரும் அறிவோம். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், அந்த மலையடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி, வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல், நம் கணக்கில் 12 கிலோமீட்டர். பின்னாளில் இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்று பெயர் பெற்ற பெரும்பணிக்கு அந்தக் கோடே அடிக்கோடாயிற்று. முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்ட பக்கத்தை அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடாகக் கொள்ளலாம். இப்படி முக்கோணத்தோடு முக்கோணத்தை ஒட்டிக்கொண்டே போய், அவருக்குப் பின் வந்தவர்களின் காலத்தில் தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம்வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளத்தை அளந்து முடித்தார்கள். பத்தாம் வகுப்பில் ‘ஏற்றக்கோணம், இறக்கக்கோணம்’ என்று கலங்கரை விளக்கத்தின் மேல் நின்று கப்பலைப் பார்க்கும் கணக்குகளை நாம் எத்தனையோ போட்டிருக்கிறோம். அந்தக் கணக்கு நாம் பேருந்தில் கடந்துபோகும் நிலத்தின்மீது நடந்தது என்பதை அப்போது நாம் அறியவில்லை.

இதுவரை சொன்னது கணக்குப் பாடம். ஆனால் அந்த முதல் கோட்டை அளந்த முறையைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு ஏற்பட்டது. லாம்ப்டன் பயன்படுத்தியது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, முக்காலிகளின்மேல் மட்டம் பார்த்து வைத்து, ஏறத்தாழ 400 முறை முன்னே நகர்த்தி அளக்க வேண்டியிருந்தது. பங்குனியில் தொடங்கிய வேலை சித்திரை வெயிலிலும் நீண்டது. வெயில் ஏற ஏற எஃகு நீளும். எனவே சங்கிலியின் பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அளவைத் திருத்தினார்கள்.

நீள்விரிவைப் பற்றிய பாடம் நமக்கும் வந்தது. தண்டவாளங்களுக்கு இடையே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்ற வினாவுக்கு இரண்டு மதிப்பெண். விடையை எழுதினோம், மறந்தோம். இப்போது அதே வாய்பாட்டை அந்த 12 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். எஃகின் நீள்விரிவுக் குணகம் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 12 பங்கு. காலைக்கும் நண்பகலுக்கும் இடையே வெப்பநிலை 10 பாகை வேறுபட்டால், முழுக் கோட்டிலும் ஏற்படும் பிழை ஏறத்தாழ 1.4 மீட்டர். இந்தக் கோட்டின்மேல்தான் அடுத்தடுத்த முக்கோணங்கள் அனைத்தும் எழ வேண்டும் என்றால், முதலில் புகுந்த பிழை போகப்போகப் பெருகிக்கொண்டே செல்லும். வெப்ப விரிவு என்பது ஏன் ஒரு பாடமாக இருக்கிறது என்பது எனக்குத் தண்டவாளத்தால் விளங்கவில்லை, முக்கோணத்தால் விளங்கிற்று. ஒரு பாடத்தில் சொல்லிக்கொடுத்தது மற்றொரு பாடத்துக்குத் தேவைப்படும்போதுதான் நம்முடையதாகிறது என்று நான் நினைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஏழாம் வகுப்பில் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று கற்றோம். லாம்ப்டனின் பெரிய முக்கோணங்களில் அந்தக் கூடுதல் 180-ஐச் சற்றே தாண்டும். ஏனெனில் அவை தாளின்மேல் வரைந்தவை அல்ல, உருண்டையான புவியின்மேல் கிடப்பவை. முக்கோணத்தின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் ஆகும்போது கூடுதல் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு, மிகுகிறது. அவர் அதையும் கழித்தே கணக்கிட்டார். புவி உருண்டை என்று புவியியலில் மூன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லிவருகிறோம். அந்த உருண்டை நம் கணக்கு விடையை மாற்றக்கூடும் என்று எந்தத் தேர்விலும் நம்மை யாரும் கேட்டதில்லை.

வரலாற்றுப் பாடத்தில் 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததையும் திப்பு சுல்தான் போரில் இறந்ததையும் ஆண்டுகளாக மனப்பாடம் செய்தோம். அந்தப் போரில் பங்கெடுத்தவர்களுள் ஒருவர் இதே லாம்ப்டன். போர் முடிந்து, தீபகற்பத்தின் பெரும்பகுதி கும்பினியாரின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின், பிடிக்குள் வந்த பிறகே கடற்கரைக்குக் கடற்கரை குறுக்கே அளக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். மூன்றாண்டுக்குள் பறங்கிமலையில் சங்கிலி விரிந்தது. அவருக்குப் புவியின் வடிவத்தை அறியும் ஆவல் இருந்தது. அவருடைய மேலதிகாரிகளுக்கு வரி வாங்கவும் படை நடத்தவும் வரைபடம் தேவைப்பட்டது. ஒரே கோட்டுக்குள் அறிவியலும் ஆட்சியும் சேர்ந்தே கிடக்கின்றன. இதைக் கணக்குப் புத்தகம் சொல்லாது. சொல்ல வேண்டிய வரலாற்றுப் பாடத்தை என்னைப் போல் முதல் பிரிவு எடுத்தவர்கள் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தமே.

1808-இல் அவர் காவிரிப் படுகைக்கு வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. அங்கே குன்றுகள் இல்லை. பார்வையை மறைக்கத் தென்னை மரங்களோ ஏராளம். உயரமான இடம் வேண்டுமென்றால் கோயில் விமானங்களைத்தான் நாட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே, கோணங்களை அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதைத் திருத்தித் தரும் பட்டறை எதுவும் அருகில் இல்லாத காலத்தில், லாம்ப்டன் தாமே அதைப் பிரித்து, நெளிந்த பகுதிகளை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தினார். இராசராசன் எழுப்பிய விமானத்தைக் கட்டடக்கலைப் பாடத்தில் ஒருவகையாகவும், சமவெளியின் இயல்பைப் புவியியலில் வேறுவகையாகவும் படித்த நாம், இரண்டையும் ஒரே காட்சியில் சந்திக்கும் இடம் இது.

இந்த முக்கோணங்கள் இமயத்தைத் தொட்ட பிறகு, 1852-இல் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித அறிஞரின் கணக்கீட்டால் பதினைந்தாம் எண் சிகரமே, அதாவது இன்றைய எவரெஸ்ட் சிகரமே, உலகில் மிக உயர்ந்தது என்று தெரியவந்தது. நெடுந்தொலைவிலிருந்து பார்த்ததால் காற்றில் ஒளி விலகுவதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. அன்று அறிவித்த உயரம் 29,002 அடி. இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது மீட்டர்தான்.

இவ்வளவையும் கேட்டபின், பாடங்களைப் பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லப்போவதாக யாரும் எண்ண வேண்டாம். பிரிக்காமல் ஆழமாகப் படிக்க இயலாது. முக்கோணவியலைத் தனியாக ஊன்றிப் படித்தவர்தான் அதைச் சங்கிலியோடு சேர்க்க முடியும். பாடங்களை இணைக்கிறோம் என்ற பெயரில் நாம் செய்த செயல்திட்டங்கள், தெர்மாகோல் அட்டையில் வண்ணத்தாள் ஒட்டியதோடு முடிந்ததையும் நாம் அறிவோம். என் வருத்தம் பிரிவினையின் வரிசையைப் பற்றியது. பத்தாம் வகுப்பு வேதியியலில் அமிலத்தின் பி.எச். மதிப்பைக் காண மடக்கை தேவைப்பட்டது; கணக்கில் அதை முறையாகச் சந்தித்தது இந்த ஆண்டு. இந்த ஆண்டு இயற்பியலின் தொடக்கத்திலேயே வெக்டரும் வகையீடும் வந்துவிட்டன; கணக்குப் புத்தகத்தில் அவை இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. ‘இப்போதைக்கு இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற ஆறுதலோடு நாம் முன்னேறுகிறோம். பாட நூல்களை அமைப்பவர்கள் ஒருமுறையாவது நம் பெஞ்சில் உட்கார்ந்து எட்டுப் பாடவேளைகளையும் தொடர்ந்து கேட்டால் நன்று.

தமிழ் வகுப்பை விட்டுவிட்டேன் என்று பொறுப்பாசிரியர் எண்ணக்கூடும். உண்மையில், இந்தச் சிக்கலை எனக்குத் தெளிவாகக் காட்டியது இலக்கண வகுப்புதான். வினா ஆறு வகைப்படும் என்று படித்தோம். விடை தெரிந்தவர் பிறருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. நம் வகுப்பறைகளில் ஒரு நாள் முழுவதும் ஒலிக்கும் வினாக்களைக் கவனித்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாம் அறிவினாக்கள், கேட்பவர் ஆசிரியர். தேர்வுத் தாள் முழுவதும் அறிவினாவே. அறியாவினா கேட்கும் உரிமையும் தேவையும் உள்ளவர்கள் மாணவர்கள். ஆனால் நாம் கேட்பதோ பெரும்பாலும் ‘ஐயா, இது தேர்வுக்கு வருமா?’ என்ற ஒன்றுதான். அதுவும் அறியாவினாதான் என்று தோழர்கள் வாதாடலாம், இலக்கணப்படி சரியே. ‘இந்தச் சங்கிலி வெயிலில் நீளாதா?’ என்பது வேறு தரத்து அறியாவினா. அதைக் கேட்க, கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இயற்பியல் நினைவுக்கு வர வேண்டும்.

ஆகவே மன்றத்தின் சார்பில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். வரும் ஏப்ரல் 10-ஆம் நாள் தேர்வுகள் முடிந்திருந்தால் அன்றைக்கும், இல்லையெனில் பள்ளி திறந்த பிறகும், நம் விளையாட்டுத் திடலில் 50 மீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் கோணங்களைக் குறித்து, திடலுக்கு வெளியே தெரியும் கைப்பேசிக் கோபுரத்தின் தொலைவையும் உயரத்தையும் நாமே கணக்கிட வேண்டும். அளவுநாடா உடற்கல்வித் துறையில் இருக்கிறது. சாய்வுமானியைக் கோணமானியும் நூலும் கொண்டு நாங்களே செய்துவிடுவோம். கணக்காசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே நேரத்தில் திடலுக்கு வருவதற்கு மட்டும் தலைமையாசிரியர் அவர்கள் கால அட்டவணையில் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒதுக்கித் தர வேண்டுகிறேன். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.