சந்தேகங்களுக்கு விளக்கம்: ஒப்படைப்பில் கேள்வி யாருடையது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வேதியியல் பேராசிரியை கேட்டிருக்கிறார்: "தலைப்பை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால், இணையத்தில் இருப்பதை அப்படியே எழுதி வைக்கிறார்கள். பல துறைகளை இணைக்கும் ஒப்படைப்பை எப்படி அமைப்பது? எப்படி மதிப்பெண் போடுவது?" இந்தக் கேள்வி சில நாட்களாகவே என் மனத்தை விட்டு அகலவில்லை.

நம் உரைகளைத் தொடர்ந்து கேட்பவர்கள் அறிவார்கள், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: களத்தை ஆசிரியர் வரையறுக்க வேண்டும், கேள்வியை மாணவர் எழுப்ப வேண்டும்.

உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. "ஃபுளோரைடு பற்றி ஐந்து பக்கம் எழுதுக" என்றால் ஐந்து பக்கமும் இணையத்திலிருந்துதான் வரும். மாறாக, "உங்கள் தெருவில் குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர் என்று விசாரித்து, அதிலிருந்து ஒரு கேள்வியை எழுப்புக" என்று சொல்லிப் பாருங்கள்.

நான் வாசித்த ஓர் ஒப்படைப்பில், குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீரையும் பருப்பு வேகவைக்கப் போர் தண்ணீரையும் பயன்படுத்தும் தன் வீட்டைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தார். கொதித்தால் கெடுதல் போய்விடும் என்பது பாட்டியின் நம்பிக்கை. கொதிப்பதால் ஃபுளோரைடு நீங்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும் என்பது வேதியியல். ஆனால் மாணவி அங்கே நிற்கவில்லை; குழாயில் தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள், அதைப் பிடித்து வைக்க எத்தனை குடம் இருக்கிறது என்று டேங்க் ஆபரேட்டர் வரை போய்க் கேட்டிருந்தார். பொருளியலும் பெண்களின் உழைப்பும் பஞ்சாயத்து நிர்வாகமும் அவர் கூப்பிடாமலே வந்து சேர்ந்தன. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்துவிட்டு, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை இசைவது ஏன் என்றும் அவர் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. வேதியியல் துறை மட்டும் அதற்கு விடை சொல்லிவிட முடியாது.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். களத்துக்குப் போகுமுன் எழுதிய கேள்வி, போய்வந்தபின் திருத்திய கேள்வி, ஏன் திருத்தினார் என்பதற்கு ஒரு பக்க விளக்கம்: அகமதிப்பீட்டில் பாதியை இவற்றுக்கே கொடுங்கள். மாணவர் தெருவைப் பார்க்காதவராயின் அந்தப் பக்கத்தை எழுதுவது கடினம்.

ஆனால் தங்களிடமிருந்து நான் அதிகம் எதிர்பார்த்த கேள்வி வேறு: விடை எனக்கே தெரியாத கேள்வியோடு மாணவர் வந்தால் என்ன செய்வது? ஏற்றுக்கொள்ளுங்கள், அம்மா. வாய்மொழித் தேர்வன்று பொருளியல் துறையிலிருந்து ஒருவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இருவருமாக அந்த மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.