மாமா கிணற்றில் வினிகர்

வணக்கம் மக்களே. மண்டபம் கடற்கரையில் நிற்கிறேன், காற்று இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்குப் பஞ்சு வாங்குகிறேன் என்று போன மாதமே சொன்னேன், இன்னும் வாங்கவில்லை.

இன்றைக்குக் கோபம். சீமைக்கருவேலம் வெட்டிய வீடியோவில் வந்தாரே, உச்சிப்புளி மாமா, அவர் வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பித் தன் கிணற்றில் ஐந்து பாட்டில் வினிகரை ஊற்றிவிட்டார். "யுரேனியத்தைத் தின்கிற கிருமிக்கு இதுதான் சாப்பாடாம் மாப்ளே."

உங்கள் கிணற்றில் யுரேனியம் இருக்கிறதென்று யார் சொன்னது மாமா? "நீ கொடுத்த மீட்டர்தான். 2,400 காட்டுதே!"

அந்த டிடிஎஸ் மீட்டரின் கதை தெரியும்தானே? கடைக்காரர் 650 சொன்னார். 500 என்றார், எழுந்து நடந்தேன். 450 என்றார், செருப்பே போட்டுவிட்டேன். கடைசியில் 380! 270 ரூபாய் மிச்சம், பேட்டரியும் இலவசம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை. குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், அதாவது 0.03 மில்லிகிராம். ஒவ்வொரு மில்லிகிராமாகத் தாவுகிற மீட்டர் அதை எங்கே பிடிக்கும்? ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் கிருமி விஷயம் முழுப் பொய்யில்லை, அதுதான் எரிச்சல். பெயர் ஜியோபாக்டர். நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லியின் குழு 1987இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டது. அது தின்பது அசிடேட்டை, வினிகருக்கு உறவுக்காரப் பொருள். தின்றதில் கிடைக்கும் எலக்ட்ரானை எங்காவது தள்ளியாக வேண்டும். நாம் ஆக்சிஜனிடம் தள்ளுகிறோம், அது மண்ணிலுள்ள இரும்பிடம் தள்ளும், யுரேனியம் இருந்தால் அதனிடமும். எலக்ட்ரான் ஏறியதும், நீரில் கரைந்து ஓடிய யுரேனியம் கரையாத துகளாகி மணலிலேயே படிந்துவிடும். மறைவதில்லை, உட்கார்ந்துவிடுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்ற ஊர், பழைய யுரேனிய ஆலை இருந்த இடம். 2002இல் அங்கே நிலத்தடி நீருக்குள் அசிடேட் செலுத்தினார்கள். 50 நாளுக்குள் சில கிணறுகளில் யுரேனிய அளவு, அந்த இடத்துக்கு வைத்த சுத்திகரிப்பு வரம்புக்குக் கீழே போனது. அப்புறம்தான் சிக்கல். அசிடேட்டைத் தொடர்ந்து கொடுக்க, சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் கை ஓங்கின, யுரேனியம் மறுபடி ஏறியது. காரங்காடு அலையாத்திச் சேற்றில் கால் வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த வேலையைச் செய்கிற கூட்டம்தான். அங்கே எடுத்த வீடியோவில் என் செருப்பு போனது நினைவிருக்கும்.

அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். இதெல்லாம் ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் நடக்கும். ஆக்சிஜன் பட்டால் படிந்த யுரேனியம் திரும்பக் கரையும். மாமா கிணறோ வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறது!

இப்போது அந்தத் தண்ணீரில் ஊறுகாய் வாடை. அத்தை குடத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். மீட்டர் என்னுடையது என்பதால் வினிகர் காசும் என் தலையில்தானாம். பாட்டில் 45, ஐந்துக்கு 225. நான் பேரம் பேசி மிச்சம் பிடித்த 270இல் மீதி 45 ரூபாய். அதற்கு மைக் பஞ்சு யாரும் தரமாட்டார்கள்.