கட்டில் எடுக்கும் முன் கதவை அளந்து பாருங்கள்

வேலூர் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுக்கும் நாளை எல்லோரும் நல்ல நாள் என்றுதான் சொல்வார்கள். மருத்துவ சமூகப் பணியாளராக 20 வருடம் வார்டு வார்டாக நடந்த எனக்கு அந்த நாள் வந்தாலே வயிற்றைக் கலக்கும். நோயாளியை ஆட்டோவில் ஏற்றும்போதுதான் மகன் ஓடி வந்து கேட்பார்: “மேடம், வீட்டுல இந்தியன் டாய்லெட்தானே, அப்பா எப்படி உட்காருவாரு?” ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வீடு திரும்பும் நோயாளிக்குக் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் ஏற்பாடு செய்வது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஊருக்கெல்லாம் சொன்ன நானே கோட்டை விட்டேன். அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். சக்கர நாற்காலியை வாடகைக்குப் பிடித்து, அணைக்கட்டு வரை வண்டி வைத்துக் கொண்டுபோய் இறக்கினேன். நாற்காலியின் அகலம் 25 அங்குலம். பாத்ரூம் கதவு இரண்டே அடி. ஒரு அங்குலத்தில் அம்மா வெளியே, குழாய் உள்ளே. மாதம் முழுக்க அந்த நாற்காலியில் துண்டு காய்ந்தது, வாடகையும் ஓடியது.

கைகொடுத்தது எங்கள் தெரு ஆசாரி செய்த நான்கு மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் கட்டில் கால் உட்காரும் அளவுக்குக் குழி தோண்டிக் கொடுத்தார், வழுக்காமல் இருக்க. இடுப்பு ஆபரேஷன் ஆனவர் உட்காரும்போது முட்டி இடுப்பை விட மேலே போகக் கூடாது. எங்கள் தாழ்வான கட்டில் அந்த நாலு கட்டைகளால் சரியான உயரத்துக்கு வந்தது. அப்புறம் உட்கார்ந்தபடியே மலம் கழிக்க ஒரு கமோடு நாற்காலி, பிடித்து நடக்க ஒரு வாக்கர். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே டேப்பை எடுத்துக் கதவு, கட்டில், வாசற்படி மூன்றையும் அளந்து எழுதுங்கள். அந்தச் சீட்டை பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, எது வேண்டும், எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். ஆறு வாரத்துக்கு வேண்டிய பொருளை யாராவது விலைக்கு வாங்குவார்களா? வாங்குகிறார்கள், அதுதான் வேதனை.

சரி, பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் பல வீட்டில் இன்னும் தாய்வீட்டுக் கார்டில்தான் கிடக்கிறது. ஆனால் ஒன்று, அந்தக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். வீட்டில் போடும் கட்டிலுக்கு வராது, நின்றுபோன சம்பளத்துக்கும் வராது.

சம்பளம் என்றதும் பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் உள்ளவர், பிடித்தம் போன நாட்களின் கணக்கு சரியாக இருந்தால், உடம்பு முடியாமல் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் பெறலாம், வருடத்துக்கு 91 நாள் வரை. இ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை மட்டும்தான் என்று நினைத்து இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கே வந்து பார்க்க ஆள் உண்டா? உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் அல்ல, பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவருக்கான பராமரிப்பும் சேர்த்திதான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் கையில் இருக்கட்டும்.

உபகரணத்துக்கு அரசு வழிகள் இருக்கின்றன, ஆனால் மெதுவானவை. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை உதவிகளுக்குப் பெரும்பாலும் 40 சதவீதப் பாதிப்புச் சான்று கேட்பார்கள். மூன்று மாதத்தில் எழுந்து நடக்கப்போகிறவருக்கு அது பொருந்தாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 60 வயது தாண்டியவர்களுக்கு வாக்கர், சக்கர நாற்காலி இலவசமாகத் தர ராஷ்டிரிய வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. அதை முகாம் போட்டுத்தான் கொடுப்பார்கள். முகாம் வரும்வரை இடுப்பு காத்திருக்குமா? அதனால் லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள், சர்ச், ஜமாத், அக்கம்பக்கத்துப் பரண் எல்லாவற்றையும் கேளுங்கள்.

கேட்க வெட்கம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், இதே வேலூரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் வாக்கரைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே அதன் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள். கத்திரி வெயிலில் ரெக்சின் மெத்தை மேல் பருத்தி விரிப்பு இல்லாமல் படுக்க வைக்காதீர்கள், முதுகு புண்ணாகிவிடும். வாக்கரின் கால்களில் இருக்கும் ரப்பர் புஷ் நான்கையும் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த ரப்பர் ஈரத் தரையில் வழுக்கும்.

அம்மாவின் வாக்கர் இப்போது ஐந்தாவது வீட்டில், கே.வி.குப்பத்தில் இருக்கிறது. நேற்று அங்கிருந்து போன். “அக்கா, ஒரு பக்கம் ரப்பர் தேஞ்சு போச்சு, எங்க கிடைக்கும்?” இங்கிருந்து கிளம்பி அதைத்தான் வாங்கப் போகிறேன். வணக்கம்.